வானத்துக் கைகாட்டி யார் கையில்?

சுங்குவார்சத்திரத்தில் இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தொழிலாளி தலையை நிமிர்த்திப் பார்த்தால், மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து செல்லும் விமானத்தின் விளக்குகள் தெரியும். அந்த விமானத்தில் அவர் ஏறியதில்லை. அவருடைய தகப்பனாரும் ஏறியதில்லை. ஆனால் அவர் கையால் பூட்டிய பொருள் ஏறிப் போயிருக்கிறது. 2025-ம் ஆண்டில், அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் இறக்குமதி வரியை உயர்த்துவதற்கு முந்திக்கொள்ள வேண்டி, ஆப்பிள் கம்பெனி சரக்கு விமானங்களை வாடகைக்குப் பிடித்து, சுமார் 600 டன் ஐபோன்களை இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பியதாக ராய்ட்டர்ஸ் செய்தி ஸ்தாபனம் அந்த ஏப்ரல் மாதத்தில் எழுதிற்று. சென்னை விமான நிலையத்தில் சுங்கச் சோதனைக்கு 30 மணி நேரம் பிடித்த வேலை 6 மணி நேரமாகக் குறைக்கப்பட்டதாம். முதலாளிக்கு அவசரம் என்றால் சர்க்கார் யந்திரம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு இது அத்தாட்சி.

அந்தச் சரக்கு விமானம் தரையை விட்டுக் கிளம்பியதும் அதற்கு வழி காட்டியவர் யார்? எந்த உயரத்தில் பறக்க வேண்டும், எதிரே யார் வருகிறார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் யார்? மீனம்பாக்கத்தில் திரையின் முன் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கண் இமைக்காமல் வேலை செய்யும் ஒரு மாதச் சம்பளக்காரர். அவரும் ஷிப்டுக்காரர்தான். அவருக்கும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. அவருடைய யந்திரமும் பழசாகிப் போயிருக்கிறது. சரக்கை ஆறு மணி நேரத்தில் அனுப்பத் தெரிந்த சர்க்காருக்கு, அவருடைய குறையைத் தீர்க்க ஆண்டுக்கணக்கில் நேரம் கிடைக்கவில்லை.

விமானத்தைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. களத்துமேட்டில் கூலிக்காக மல்லுக்கட்டும் ஜனங்களுக்கு ஆகாயப் பிரச்னை எதற்கு? ஆனால் யோசித்துப் பாருங்கள். வீட்டை அடகு வைத்து, குவைத்துக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவன் நம்முடைய தம்பி. விமானம் விழுந்தால் அது டிக்கெட் வாங்கியவன் தலையில் மட்டும் விழுவதில்லை. 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது தரையில் இருந்த 19 பேரும் மாண்டார்கள். அந்த விபத்துக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஆகாயத்தில் நடப்பதற்குத் தரையில் இருப்பவனும் உயிர் கொடுக்கிறான் என்பது அதிலே தெரிந்தது.

கேபின்காரரும் கட்டுப்பாட்டாளரும்

ரயில் ஓடும் ஊர்க்காரர்களுக்குக் கைகாட்டி தெரியும். கேபினில் உட்கார்ந்திருப்பவர் கைகாட்டியை இறக்கினால்தான் ரயில் நகரும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஆகாயத்திலும் இதே வேலைதான். ஆனால் ஒரு வித்தியாசம். ரயில் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கும். விமானம் நிற்க முடியாது. கட்டுப்பாட்டாளர் யோசிக்கும் ஒவ்வொரு நிமிஷத்திலும் அது 10, 15 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. எதிரெதிராக வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே உயரத்தில் இருக்க வேண்டிய இடைவெளி 1,000 அடி. நம்முடைய ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அது பெரிதாகத் தோன்றலாம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நூலிழை.

விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து ஏறவும் இறங்கவும் அனுமதி கொடுக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் ராடார் திரை வைத்திருப்பவர் கையில் விமானம் ஒப்படைக்கப்படுகிறது. இன்னும் தூரம் போனால் பிரதேசக் கட்டுப்பாட்டு நிலையம். இந்தியாவின் ஆகாயம் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தென்னாட்டு வானமும் வங்கக் கடலின் ஒரு பெரும் பரப்பும் சென்னையின் பொறுப்பு. இந்த வேலை முழுவதையும் செய்வது இந்திய விமான நிலைய அதாரிட்டி. 1995 ஏப்ரல் 1-ந் தேதி, முன்பிருந்த இரண்டு ஸ்தாபனங்களை ஒன்று சேர்த்து உண்டாக்கப்பட்ட பொதுத்துறை ஸ்தாபனம். அதானியின் விமான நிலையமானாலும், ஜி.எம்.ஆர். கம்பெனியின் விமான நிலையமானாலும், வானத்துக் கைகாட்டி இந்தப் பொதுத்துறை ஊழியரின் கையில்தான் இருக்கிறது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கணக்குக்கு இது முக்கியம்.

நவம்பரில் டில்லியில் நடந்தது என்ன?

2025 நவம்பர் 6-ந் தேதி டில்லி விமான நிலையத்தில் ஒரு யந்திரம் படுத்துவிட்டது. செய்திகளைத் தானாகப் பிரித்து அனுப்பும் கம்ப்யூட்டர் அமைப்பு அது. எந்த விமானம், எந்தப் பாதை, எந்த உயரம் என்ற பயணத் திட்டம் முழுவதும் அதன் வழியாகத்தான் கட்டுப்பாட்டாளரின் திரைக்கு வந்து சேரும். அது நின்றதும் ஒவ்வொரு விமானத்தின் திட்டத்தையும் ஊழியர்கள் கையால் தயாரித்து ஓட்ட வேண்டியதாயிற்று. மறுநாள் 800-க்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. ஈ.சி.ஐ.எல். என்ற பொதுத்துறை ஸ்தாபனத்தின் எஞ்சினீயர்களும் அதாரிட்டியின் ஊழியர்களும் விழுந்தடித்து வேலை செய்து நிலைமையைச் சரிக்கட்டினார்கள். ஒரு விமானமும் மோதவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. கையால் வேலை செய்த அந்த ஊழியர்களின் சாமர்த்தியம்தான் அதற்குக் காரணம். மந்திரிகளின் முன்யோசனை அல்ல.

இது திடீரென்று வந்த நோயா? இல்லை. கட்டுப்பாட்டாளர்களின் சங்கமான கில்டு 2025 ஜூலை மாதத்திலேயே எழுத்து மூலமாக எச்சரித்திருந்தது. டில்லியிலும் மும்பையிலும் உள்ள தானியங்கி அமைப்புகள் மந்தமாகிவிட்டன, திரையில் தகவல் தாமதமாக வருகிறது, உலகத் தரத்துக்கு அவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. தறி தேய்ந்துவிட்டது என்று தொழிலாளி சொன்னால் மேஸ்திரி காதில் போட்டுக்கொள்வதில்லை. பெல்ட் அறுந்து ஆள் அடிபட்ட பிறகு விசாரணைக் கமிட்டி வரும். ஆலையில் நாம் பார்த்த கதைதான் டில்லிக் கோபுரத்திலும் நடந்தது.

ஆகஸ்டு மாதத்தில் பார்லிமெண்டின் போக்குவரத்து, சுற்றுலா, கலாசார நிலைக்குழு ஓர் அறிக்கை கொடுத்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதியதல்ல. எல்லாக் கட்சி அங்கத்தினர்களும் உள்ள குழு. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய டைரக்டர் ஜெனரல் இலாகாவில் 1,063 பதவிகளுக்கு அனுமதி இருக்க, 553 பதவிகளில்தான் ஆள் இருப்பதாக அது சொன்னது. போலீஸ் ஸ்டேஷனில் பாதி நாற்காலி காலி! கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறையையும், அவர்கள் மேல் விழும் வேலைப்பளுவையும், பணி நேர வரம்பிலிருந்து விலக்குப் பெற்று அவர்களிடம் வேலை வாங்கப்படுவதையும் குழு கண்டித்தது.

பணி நேர வரம்பு என்றால் என்ன? திரையின் முன் ஒருவர் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, எழுந்து போய் ஓய்வெடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். காரணம் எளிது. களைத்துப்போன மூளை கண்ணுக்கு முன்னால் இருப்பதையும் பார்க்காது. கன்வேயர் பெல்ட்டில் நிற்கும் பெண் தொழிலாளிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டாவது மணி நேரத்தில்தான் விரல் நசுங்குகிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேற்றப்பட்டபோது, அதை எதிர்த்து இந்த ஒரகடம் வட்டாரமும் கொதித்தது. அந்த மே தினத்தன்றே அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. நம்முடைய கோரிக்கையும் கட்டுப்பாட்டாளரின் கோரிக்கையும் ஒரே ரகம். ஒரே ஒரு பேதம்: அவர் கண் அசந்தால் அடிபடுவது விரல் அல்ல, முந்நூறு உயிர்.

விமானிகள் விஷயத்திலும் இதே கூத்துதான். அவர்களுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. வரப்போவது முன்கூட்டியே தெரிந்தும் இண்டிகோ கம்பெனி போதிய ஆட்களை வைக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பயணிகள் பெட்டி படுக்கையோடு தரையில் படுத்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? விதியையே அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது! ஆள் எடுக்காத முதலாளிக்குச் சலுகை; ஓய்வு கேட்ட தொழிலாளிக்கு விலக்கு உத்தரவு.

சர்க்கி தாத்ரியின் வயல்கள்

பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1996 நவம்பர் 12-ந் தேதி மாலை, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும் டில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதின. ஒன்று 14,000 அடியில் இருக்க வேண்டும். மற்றது 15,000 அடியில் நிற்க வேண்டும். இரண்டாவது விமானம் சொன்ன உயரத்தில் நிற்காமல் இறங்கிவிட்டது. 349 பேர் மாண்டனர். நடுவானில் இரண்டு விமானங்கள் மோதியதில் இத்தனை பேர் இறந்தது உலகத்தில் வேறெங்கும் இல்லை. துண்டுகள் விழுந்தது விவசாயிகளின் வயல்களில். வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏழை ஜனங்கள் ஏராளமானோர் அந்தச் சவூதி விமானத்தில் இருந்தார்கள்.

விசாரித்த நீதிபதி லகோட்டி கமிஷன், பிரதானக் குற்றம் கஜகஸ்தான் விமானிகளுடையது என்றது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு டில்லிக் கட்டுப்பாட்டாளரிடம் இருந்த ராடார், விமானம் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும். எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. உயரத்தைக் காட்டும் புதிய ராடாரை அமைக்கும் வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. டில்லியைச் சுற்றிலும் பெரும்பாலான ஆகாயம் விமானப் படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தபடியால், வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே பாதையில் எதிரெதிராகப் பறக்க வேண்டியிருந்தது. ஒற்றை வரப்பில் இரண்டு வண்டிகளை எதிரெதிரே ஓட்டினால் என்ன ஆகும்? விபத்துக்குப் பிறகு பாதைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. புதிய ராடார் வந்தது. மோதலை எச்சரிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. 349 பிணங்கள் விழுந்த பிறகு எல்லாம் வந்தது.

பணக்கார நாடுகளில் எல்லாம் சுபிட்சம் என்று நினைக்க வேண்டாம். 1981 ஆகஸ்டில் அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநேரக் குறைப்பும் சம்பள உயர்வும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனாதிபதி ரீகன் 11,000-க்கு மேற்பட்டோரை ஒரே அடியில் டிஸ்மிஸ் செய்தார். சங்கத்தையும் ஒழித்தார். அங்குள்ள முதலாளிகளுக்கெல்லாம் அது ஒரு தைரியத்தைக் கொடுத்தது. ஆனால் அனுபவசாலிகளை விரட்டிவிட்டு, யந்திரத்தையும் புதுப்பிக்காமல் வைத்திருந்ததன் கூலி என்ன? 2025 ஜனவரி 29-ந் தேதி வாஷிங்டன் நகருக்கு அருகே பயணி விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள்; அன்றிரவு கோபுரத்தில் இருவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 28-ந் தேதி நியூவார்க் விமான நிலையத்துக்கு வழிகாட்டும் திரைகள் சுமார் ஒன்றரை நிமிஷம் இருண்டு போயின. பழைய தாமிரக் கம்பி பழுதானதுதான் காரணம்! அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் அமெரிக்கப் பார்லிமெண்டில் பட்ஜெட் சண்டை முற்றி, 43 நாட்கள் சர்க்கார் ஆபீஸ்கள் முடங்கியபோது, கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் வர முடியும்? ஆள் குறைந்தது, 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களையே குறைக்கும்படி உத்தரவு போட வேண்டியதாயிற்று.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்கிற பண்டிதர்கள் பிரிட்டனைப் பார்க்கட்டும். 2001-ல் அங்கே வானக் கட்டுப்பாட்டை விமானக் கம்பெனிகளையும் பங்காளிகளாக்கி ஒரு கூட்டுக் கம்பெனியாக்கினார்கள். நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் குறைந்ததும், அடுத்த ஆண்டே சர்க்கார் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டு 28-ந் தேதி ஒரே ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் அவர்களுடைய கம்ப்யூட்டர் நின்றது. 7 லட்சம் பயணிகள் தவித்தார்கள்.

பால் கறப்பவர் ஒருவர், புல் போடுபவர் வேறொருவர்

இப்போது கணக்குக்கு வருவோம். வானத்துக் காவலுக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது?

ஆகாயப் பாதையைப் பயன்படுத்துவதற்கும், இறங்கும்போது வழி காட்டுவதற்கும் விமானக் கம்பெனிகளிடம் அதாரிட்டி கட்டணம் வசூலிக்கிறது. நமது வானத்தின் குறுக்கே பறந்து போகும் வெளிநாட்டு விமானமும் கட்ட வேண்டும். கம்பெனிக்காரன் தன் கையிலிருந்தா கொடுக்கிறான்? டிக்கெட்டில் சேர்த்துவிடுகிறான். கடன் வாங்கி துபாய் போகும் கொத்தனார் கொடுக்கிறார். பாதைக் கட்டணம் விமானத்தின் எடையையும் தூரத்தையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே 200 பேர் ஏறிய பெரிய விமானம் அதிகம் கட்டுகிறது. ஒரே ஒரு கோடீசுவரர் கால் நீட்டிப் படுத்துப் போகும் சிறு ஜெட் விமானம் கொஞ்சம் கட்டுகிறது. ஆனால் கட்டுப்பாட்டாளருக்கு இரண்டும் திரையில் ஒரு புள்ளிதான். இரண்டுக்கும் ஒரே கவனம், ஒரே இடைவெளி, ஒரே தொண்டைத் தண்ணீர். 2024 மார்ச்சில் அம்பானி வீட்டுக் கல்யாணக் கொண்டாட்டத்துக்காக, ராணுவத்துக்குச் சொந்தமான ஜாம்நகர் விமான நிலையத்துக்குப் பத்து நாள் சர்வதேச அந்தஸ்து கொடுத்தார்கள். உலகக் கோடீசுவரர்களின் ஜெட் விமானங்கள் வரிசையாக இறங்கின. சுங்கமும் குடியேற்ற அதிகாரிகளும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். நம்மூர் ரேஷன் கடையில் ஒரு கூடுதல் ஆளைப் போடச் சொன்னால் பைல் எத்தனை மாதம் நகராமல் கிடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். விமான நிலையத்தில் லாபம் வருவது எதிலிருந்து? கடை வாடகை, கார் நிறுத்தும் கட்டணம், விளம்பரப் பலகை, பயணிகளிடம் வாங்கும் கட்டணம். இந்தப் பாலைக் கறக்கும் உரிமையைத்தான் முதலாளிகள் கேட்டார்கள். 2006-ல் டில்லியும் மும்பையும் போயின. அதை எதிர்த்து அந்தப் பிப்ரவரியில் விமான நிலைய ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு ஆமதாபாத், லக்னோ, மங்களூர், ஜெய்ப்பூர், கௌஹாத்தி, திருவனந்தபுரம் ஆகிய ஆறும் 50 ஆண்டுக் குத்தகைக்கு அதானி கையில் போயின. திருவனந்தபுரத்தைக் கொடுக்கக் கூடாதென்று கேரள சர்க்கார் நீதிமன்றம் வரை போயும் டில்லி கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட சொத்துப் பணமாக்கும் திட்டத்தில் மேலும் 25 விமான நிலையங்களின் பெயர் இருந்தது. அதில் சென்னை உண்டு. கோவை, திருச்சி, மதுரையும் உண்டு.

தனியாரும் பங்கு கொடுக்கிறார்களே என்று சர்க்கார் தரப்பில் சொல்வார்கள். உண்மைதான். டில்லி நிலையம் வருமானத்தில் ஏறக்குறைய 46 சதத்தை அதாரிட்டிக்குக் கொடுக்க ஒப்பந்தம். ஆறு நிலையங்களுக்கும் பயணி ஒருவருக்கு இவ்வளவு ரூபாய் என்று ஏலம். ஆமதாபாத்துக்கு 177 ரூபாய். ஆனால் ராடார், கோபுரம், ரேடியோ, கம்ப்யூட்டர், பயிற்சி, சம்பளம் எல்லாம் அதாரிட்டியின் தலையில். லாபம் தரும் நிலையங்களின் வருமானத்தைக் கொண்டுதான் தூத்துக்குடி, சேலம் போன்ற சிறிய நிலையங்களையும் அது நடத்தி வந்தது. நல்ல மாடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய்விட்டு, மிச்சமிருப்பவன் தொழுவம் முழுவதையும் காப்பாற்றட்டும் என்றால் என்ன நியாயம்? போதாததற்கு, மிஞ்சுவதிலிருந்து மத்திய சர்க்கார் வேறு டிவிடெண்டு வாங்கிக்கொள்கிறது.

பணம் இல்லை, ஆற்றல் இல்லை என்பதெல்லாம் கட்டுக்கதை. விண்கோள் மூலம் விமானங்களுக்குத் துல்லியமாக வழி காட்டும் ககன் என்ற அமைப்பை அதாரிட்டியும் இஸ்ரோவும் சேர்ந்து 774 கோடி ரூபாயில் உருவாக்கின. உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகளிடம் மட்டுமே உள்ள வித்தை அது. 2020 மே மாதத்தில் நிதி மந்திரியே சொன்னார்: இந்திய வானத்தில் 60 சதம்தான் பயணி விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது, சுற்றிப் போவதைக் குறைத்தால் ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி மிச்சமாகும் என்று. ராணுவமும் சிவில் இலாகாவும் உட்கார்ந்து பேசி வானத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும் நல்ல யந்திரம் வேண்டும், போதிய ஆள் வேண்டும். அவை இரண்டும் இல்லாமல் மிச்சம் எங்கிருந்து வரும்?

பரந்தூர்

நம் வாசலிலேயே நடப்பதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் அறிவித்தார். காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் தாலுகாக்களில் 13 கிராமங்கள். சுமார் 5,700 ஏக்கர். ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகளாம். மத்திய சர்க்கார் 2025 ஏப்ரலில் கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது. ஏகனாபுரம் ஜனங்கள் 2022 ஜூலை கடைசியிலிருந்து இரவுதோறும் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆயிரம் நாட்களைத் தாண்டியும் அது நடந்தது. 2024 பார்லிமெண்ட் தேர்தலையே புறக்கணித்தார்கள். ஏரிகளும் குளங்களும் நஞ்சை நிலமும், ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கம்பன் கால்வாயும் அந்த எல்லைக்குள் வருகின்றன. 2025 ஜூலையில் முதல் பத்திரங்கள் பதிவாயின.

நிலத்துக்கு இத்தனை அவசரம் காட்டுகிறார்கள். வானத்துக்கு என்ன ஏற்பாடு? அரக்கோணத்தில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. தாம்பரத்தில் விமானப் படைத் தளம். மீனம்பாக்கத்தில் இப்போதுள்ள நெரிசல். இவற்றுக்கு நடுவே பரந்தூர் ஓடுபாதைகள் இரண்டு. இந்த நாலு தளங்களின் விமானங்களும் ஒன்றின் குறுக்கே ஒன்று போகாமல் பிரித்துவிட எத்தனை கட்டுப்பாட்டாளர் வேண்டும்? கல்லையும் சிமெண்டையும் கொட்டினால் ஓடுபாதை போட்டுவிடலாம். ஆனால் ஒரு கட்டுப்பாட்டாளரைத் தயார் செய்ய அலகாபாத் பயிற்சிக் கல்லூரியில் சேர்த்து, பிறகு ஒவ்வொரு திரையிலும் அனுபவம் கொடுத்து, லைசென்சு வாங்கித் தர ஆண்டுகள் பிடிக்கும். இருக்கிற நாற்காலிகளுக்கே ஆள் இல்லாதபோது புதிய நாற்காலிகளுக்கு எங்கே போவார்கள்? விலக்கு உத்தரவு இன்னொன்று தயாராகும்!

நிலமும் போய், வேலையும் கிடைக்காமல் நின்ற அனுபவம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நோக்கியா வந்தபோது எவ்வளவு வாக்குறுதி! 2014 நவம்பர் 1-ந் தேதி அது இழுத்து மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளிகள் வீதியில் நின்றார்கள். 2024-ல் சங்கம் வைக்கும் உரிமைக்காக சாம்சங் தொழிலாளிகள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பரந்தூரில் வரும் என்று சொல்லப்படும் வேலையில் எத்தனை நிரந்தரம், எத்தனை கான்ட்ராக்ட் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. காலியாக உள்ள கட்டுப்பாட்டாளர் பதவிகளும் கண்காணிப்பு இலாகாப் பதவிகளும் நிரந்தர ஊழியர்களைக் கொண்டு குறிப்பிட்ட கெடுவுக்குள் நிரப்பப்பட வேண்டும். ஓய்வு நேர விதிக்கு யாருக்கும் விலக்குக் கூடாது. வானத்துக்கென்று வசூலாகும் கட்டணம் வானத்துக்கே செலவாக வேண்டும், அதன் கணக்கு ஆண்டுதோறும் தனியாக அச்சிட்டு வெளியிடப்பட வேண்டும். தனி ஜெட் விமானங்களில் பறப்பவர்கள் தாங்கள் வாங்கும் சேவையின் முழுச் செலவையும் கட்ட வேண்டும். தனியார் நிலையங்களின் கடை வருமானத்திலிருந்தும் ராடாருக்கும் கோபுரத்துக்கும் ஒரு பங்கு வர வேண்டும். கட்டுப்பாட்டை மட்டும் பிய்த்துத் தனிக் கார்ப்பரேஷனாக்கும் பழைய யோசனையை, அது விற்பனைக்கு முதல் படி என்ற சந்தேகம் ஊழியர்களுக்கு இருக்கும் வரை, யாரும் தூசு தட்டி எடுக்கக் கூடாது. டில்லியில் நவம்பரில் நடந்ததைப் பற்றிய விசாரணையின் முழு விவரமும், ஜூலையில் வந்த எச்சரிக்கைக் கடிதத்தின் மேல் யார் என்ன உத்தரவு எழுதினார் என்பதும் பார்லிமெண்டின் மேஜைக்கு வர வேண்டும்.

பரந்தூரில் விவகாரம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பட்டா வைத்திருப்பவருக்கு விலை பேசுகிறார்கள். பட்டா இல்லாமல் அந்த மண்ணில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலி வாங்கியவருக்கு? மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து பிழைத்த விவசாயத் தொழிலாளர் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று 2013-ம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் சொல்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் நிலத்தை எடுத்தாலும் அந்த நியாயம் மாறாது. 13 கிராமங்களிலும் அப்படிப்பட்ட கூலிக்காரர்களின் பெயர்ப் பட்டியல் எடுக்கப்பட்டிருந்தால், கலெக்டர் அதை ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் ஒட்டட்டும். எடுக்கப்படவில்லை என்றால், அடுத்த பத்திரம் பதிவாவதற்கு முன்பு எடுக்கட்டும்.